10.5 காட்டிய மீட்டர்

மதுரையில் ஒரு பேட்டரிக் கடையில் எனக்கு இது 16-ஆவது வருஷம். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே போன் வந்துவிடும். "அண்ணே, செல்ஃப் எடுக்கல. புது பேட்டரி ஒண்ணு எடுத்துட்டு வாங்க." நான் மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் புதிதாக மாட்டிவிட்டிருக்கிறேன். அதில் எத்தனை நல்ல பேட்டரிகள் உருக்குகிற இடத்துக்குப் போயினவோ, இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள்தான் காரை எடுப்பார். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தால் பாசிட்டிவ் டெர்மினல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் என்று கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு அத்தனையும் கழன்றது. துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினேன். வண்டி உடனே எடுத்துக்கொண்டது. "பேட்டரி நல்லா இருக்கு சார், வாரத்துக்கு ரெண்டு நாள் அரை மணி நேரம் ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்ஸி ஓட்டும் ஒரு தம்பி இதற்கு நேர்மாறு. இரண்டு மாதமாகத் தினமும் காலையில் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் விடியற்காலை விமான நிலையச் சவாரி. வண்டியில் பெட்டியை ஏற்றிய பிறகு செல்ஃப் எடுக்கவில்லை. கேபிள் போட்டும் அசையவில்லை. பயணி வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்.

மீட்டர் வைத்தேன், 10.5 வோல்ட். வெறுமனே சார்ஜ் இறங்கியிருந்தாலும் இப்படிக் காட்டலாம் என்பதால் கடைக்குக் கொண்டுவந்து ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டேன். காலையில் எடுத்து ஆறவைத்துப் பார்த்தால் அதே 10.5. பேட்டரிக்குள் ஆறு செல். நன்றாகச் சார்ஜ் ஏறிய செல் ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தரும், மொத்தம் 12.6. ஒரு செல் செத்தால் மிச்சம் 10.5. மூடிகளைத் திறந்து, மிதவை உள்ள குழாயை விட்டு கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி பார்த்தேன். ஐந்து செல்லில் மிதவை மேலே வந்தது. மூன்றாவதில் அடியிலேயே உட்கார்ந்திருந்தது. தம்பியைக் கூப்பிட்டு அவர் கண்ணாலேயே பார்க்கச் சொன்னேன். "ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கணும் அண்ணே" என்றார்.

ஒரு தடவை கேபிள் போட வேண்டி வந்தால் லைட்டை அணைக்க மறந்திருக்கலாம். அதே வாரம் மறுபடியும் போட வேண்டியிருந்தால் கடைக்கு வந்துவிடுங்கள். பேட்டரியேதான் கோளாறு என்று அர்த்தமில்லை. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். அது குறைந்தாலும், நிறுத்திய வண்டியில் கேமராவோ வேறெதுவோ கரண்ட் குடித்துக்கொண்டிருந்தாலும், புது பேட்டரியும் அதே கதிதான்.

பேட்டரி உப்பியிருந்தாலோ அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ சாவியையே தொடாதீர்கள். கேபிளும் போடக் கூடாது, பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்திருக்கும், ஒரு பொறி போதும். பெரும்பாலும் டைனமோ அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றியிருக்கும். இந்த இடத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில்தான். சித்திரை, வைகாசியில் உள்ளே தண்ணீர் வற்றி பிளேட் அடிபடும். ஆனால் அப்போது தெரியாது. ஐப்பசி மழையில் லைட், வைப்பர் எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான் படுத்துக்கொள்ளும். அதனால் மூன்று வருஷம் தாண்டிய பேட்டரியை மழைக்கு முன்னால் ஒரு தடவை லோடு வைத்து, அதாவது கரண்ட் இழுக்கவைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இப்போது நான் மாட்டுகிற ஒவ்வொரு பேட்டரியின் தலையிலும் மார்க்கரில் தேதி எழுதிவிடுகிறேன். போன புரட்டாசியில் அந்த டாக்ஸித் தம்பி வந்தார். "அண்ணே, ரெண்டு நாளா காலையில செல்ஃப் கொஞ்சம் இழுத்து எடுக்குது." தேதியைப் பார்த்தேன், நான்கு வருஷம் நெருங்கியிருந்தது. செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பார்த்தேன். 9.6-க்குக் கீழே போகக் கூடாது, 8.9-க்கு இறங்கியது. டைனமோ சரியாக இருந்தது. பேட்டரியை மாற்றிக்கொடுத்தேன். பத்து மணிச் சவாரிக்குக் கிளம்பிப் போனார்.