ஒரு மெத்தையைக் கழிக்க 900 ரூபாயும் மூன்று வாரமும்

டிட்வா புயல் மழையில் எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. வடிந்த பிறகு இரண்டு சாமான் தேறவில்லை: அம்மாவுக்குச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை, பிளைவுட் உப்பிப்போன சோபா. தண்ணீர் குடித்த மெத்தையை இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. மூன்றாம் நாளே நாற ஆரம்பித்தது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக் காற்றில் வளர்ந்த மூக்கு எங்களுக்கு, அதற்கே தாங்கவில்லை.

தினமும் வருகிற பேட்டரி வண்டியில் ஏற்ற மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் விசாரிப்போம் என்று அரை நாள் லீவு போட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மெத்தையெல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்க சார். இன்னும் ஒரு மாசந்தான், போகிக்கு எரிச்சிடுங்க" என்றார். 2018 போகியன்று புகையில் சென்னை விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன், அவர் அதற்குள் டீ குடிக்க எழுந்துவிட்டார்.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். ரயில்வே கேட் மூடிக் கிடந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற மீன்பாடி வண்டிக்காரரிடம் கேட்டேன். "குப்பமேட்டுலயே போட்டுட்றேன் தலைவா, அறுநூறு குடு" என்றார். கொடுத்தேன். சோபாவுக்கு இடமில்லை, மெத்தை மட்டும் போனது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆயா கதவைத் தட்டினார். "இன்னாபா, உங்க வூட்டு மெத்த கால்வா ஓரமா கெடக்குது!" அந்தப் பச்சைப் பூப்போட்ட உறையை எங்கள் தெருவுக்கே தெரியும், வருஷா வருஷம் அம்மா மொட்டைமாடியில் காயப்போடுவார். பொது இடத்தில் கொட்டினால் ஐயாயிரம் அபராதம் என்று தம்பி வேறு பயமுறுத்தினான். போய்ப் பார்த்தால் ஒரு நாய் அதன்மேல் சுகமாகப் படுத்திருக்கிறது. வேறு ஒரு வண்டி பிடித்து, 300 ரூபாய் கொடுத்து, நாயை விரட்டி, என் மெத்தையை நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா வாசலில் நின்று சிரித்த சிரிப்பை இப்போதும் மறக்க முடியவில்லை.

வழி சொன்னது யார் தெரியுமா? எங்கள் தெருவில் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர் அக்கா. "ஏன் தம்பி இப்படி அலையற? சனிக்கெழம அதுக்குன்னே தனி வண்டி வருது, காசு இல்ல. முன்னாடியே சொல்லி வெக்கணும், அவ்ளோதான்." பழைய சோபா, மெத்தை, கட்டில், துணிமணிகளைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. மாநகராட்சியின் உதவி எண் 1913-க்குப் பேசலாம், அவர்களுடைய 'நம்ம சென்னை' செயலியிலும் பதியலாம். அப்போதே இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை.

உடனே 1913-க்கு அடித்தேன். அதிலும் சொதப்பல், இந்த முறையும் என்னால்தான். அவசரத்தில் "வீட்டுல குப்பை கெடக்குது, எடுக்கலை" என்று சொல்லிவிட்டேன். அப்படியே பதிந்துகொண்டார்கள். மறுநாள் அதே அக்கா, அதே பேட்டரி வண்டி, "என்னா தம்பி, என்மேலயே கம்ப்ளெயின்டா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமையும் வீணானது. ஆகவே, கூப்பிடும்போது குப்பை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "பழைய மெத்தை ஒண்ணு, சோபா ஒண்ணு, சனிக்கிழமை வண்டி வேணும்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் வரும் புகார் எண்ணை அழித்துவிடாதீர்கள். கேட்டுக்கு எந்தப் பக்கம் வீடு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, அடுத்த சனிக்கிழமை வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டது. இரண்டு கூட்ஸ் போய் முடிந்து, வண்டி எங்கள் தெருவுக்குள் நுழையும்போது மணி ஒன்றாகிவிட்டது.

சாமானை முன்கூட்டியே வாசலில் இறக்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஐந்து நிமிட வேலை. சோபாவைச் சாய்த்தபோது இடுக்கிலிருந்து நாலைந்து நாணயமும், இரண்டு வருஷமாகத் தேடிய காஸ் புத்தகமும் விழுந்தன. அதற்காக நாங்கள் புதுப் புத்தகமே வாங்கியாகிவிட்டது.

சந்தடி சாக்கில் பாத்ரூம் இடித்த டைல்ஸ் மூட்டை ஒன்றையும் மெத்தைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். ஓட்டுநர் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "இது இடிபாடு சார், இந்த வண்டில ஏத்த மாட்டோம். அதுக்கு வேற சொல்லணும்."

மாலை நாலு மணிக்குப் புகார் முடிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. டைல்ஸ் மூட்டை மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. மீன்பாடி வண்டிக்காரர் என்னைப் பார்த்தால் கேட் திறக்கும் முன்பே வண்டியைத் திருப்பிக்கொள்கிறார்.