ஒட்டிய சீட்டை உரித்த கதை

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு லென்ஸ், ஒரு வாய்ப்பாட்டு அட்டை. லேபிளில் மெய்ஜி என்று இருந்தால் ஆண்டு எண்ணோடு 1867-ஐக் கூட்டு. தைஷோ என்றால் 1911. ஷோவா என்றால் 1925. மிங்குவோ என்றால் மறுபடி 1911. அட்டையில் அவ்வளவுதான். தைபேயில் ஓர் ஹெர்பேரியத்தில், அதாவது காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிவைத்திருக்கும் காப்பகத்தில், நூறு வருடத்துக்கு முந்தைய லேபிள்களைப் படித்துக் கணினியில் ஏற்றும் ஒப்பந்த வேலை. இரண்டு வருடம். கோயம்புத்தூரில் ஷீட் ஒட்டிப் பழகிய கை என்பதால் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானிய எழுத்தை அங்கே போய்த்தான் படித்தேன், அதுவும் லேபிளில் வருகிற அளவுக்கு மட்டும். இன்றைக்கும் டோக்கியோவில் என்னைக் கொண்டுபோய் விட்டால் "2000 மீட்டர் உயரம், ஈரமான பாறை, பூ வெள்ளை" என்பதைத் தவிர வேறு எதையும் வாசிக்கத் தெரியாது.

தைஷோ, மிங்குவோ இரண்டுமே 1912-இல் தொடங்குகின்றன. ஒன்று, மெய்ஜி, ஷோவா போலவே, ஜப்பானியப் பேரரசரின் ஆண்டுக் கணக்கு, இன்னொன்று சீனக் குடியரசின் கணக்கு. ஒன்றை மற்றொன்றாக நினைத்து வாசித்தாலும் விடை சரியாகவே வரும். அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். லேபிளில் வெறும் '39' என்று இருந்தது. மிங்குவோ 39, அதாவது 1950 என்று ஏற்றிவிட்டேன். அது மெய்ஜி 39. 1906. சேகரித்தவர் தாக்கியா கவாகாமி. அவர் 1915-இலேயே இறந்துவிட்டார். என் கணக்குப்படி, செத்து முப்பத்தைந்து வருடம் கழித்து மலையேறிக் கிளை பறித்திருக்கிறார்.

ஊர்ப் பெயர்கள் இதைவிட மோசம். இன்று யூஷான் என்று சொல்லும் மலைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் மவுண்ட் மாரிசன். 1895-இல் தீவு ஜப்பானியர் கைக்கு வந்த பிறகு, அது தங்கள் ஃபூஜியைவிட உயரம் என்று அளந்து தெரிந்ததும் நீதாக்கா, 'புதிய உயர்மலை', என்று பெயர் மாற்றினார்கள். ஃபூஜி 3,776 மீட்டர், இது 3,952. ஆக ஒரே மலை லேபிளில் மூன்று பெயரில் வரும். விவரம் தெரியாமல் ஏற்றினால் வரைபடத்தில் மூன்று மலையாகிவிடும். தைஹோக்கு என்றால் தைபே, அரிசான் என்றால் அலிஷான். முதல் இரண்டு மாதம் நான் செடியையே பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்தேன்.

எழுத்தைப் பார்க்கப் பார்க்க ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எந்தச் சிற்றினத்தின் பெயரை எடுத்தாலும் வாலில் 'ஹயாட்டா'. தாவரவியலில் ஒரு பெயரை முதலில் முறைப்படி வெளியிட்டவரின் பெயர் அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். தைவான் செடிகளில் அந்த வால் பெரும்பாலும் புன்சோ ஹயாட்டாவுடையது.

1874-இல் நீகாத்தா மாகாணத்தில் பக்தியுள்ள பௌத்தக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பதின்வயதிலேயே செடிப் பைத்தியம். வீட்டில் அடுத்தடுத்து நேர்ந்த துயரங்களால் படிப்பு தள்ளிப்போய், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேரும்போது வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. தாவரவியலாளர் ஜின்சோ மாட்சுமுராவின் மாணவர். 1905-இலிருந்து தைவானின் ஜப்பானியக் குடியேற்ற அரசு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அரசுக்கு வேண்டியது என்ன மரம் இருக்கிறது, எதை வெட்டி விற்கலாம் என்ற பட்டியல். கற்பூர மரத்தின் மேல் அவர்களுக்கு இருந்த கண் ஊரறிந்தது. அவர் கொடுத்தது அந்தப் பட்டியலைவிட ரொம்பப் பெரியது. 1906-இல் மாட்சுமுராவோடு சேர்ந்து தீவின் தாவரக் கணக்கு, 1908-இல் மலைத் தாவரங்கள் பற்றித் தனி நூல், பிறகு 1911 முதல் 1921 வரை பத்துத் தொகுதிகளாகப் படங்களோடு 'இகோனெஸ் பிளாண்டாரம் ஃபார்மோசானாரம்', அதாவது ஃபார்மோசா என்று அழைக்கப்பட்ட தைவானின் தாவரப் படங்கள். கடைசித் தொகுதி வரும்போது தீவின் கணக்கில் 3,600-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருந்தன. அதே வருடங்களில்தான் நம் பக்கத்தில் கேம்பிள் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரின் சென்னை மாகாணத் தாவர நூலும் பகுதி பகுதியாக வரத் தொடங்கியது. கோவையில் அதைப் புரட்டிப் பழகியவனுக்கு ஹயாட்டாவின் தொகுதிகளைத் தொட்டதும் அந்நியமாகத் தெரியவில்லை. அதே லத்தீன் பெயர்கள், அதே ஆங்கிலக் குறிப்பு, அதே பழுப்பேறிய தாள் வாசனை.

பெயர் வைத்தவர் ஹயாட்டா, மலையேறியவர்கள் வேறு. அவரும் தீவுக்குப் பலமுறை வந்தவர்தான். ஆனால் அவருடைய வேலையில் பெரும்பகுதி டோக்கியோவில், கொய்ஷிகாவா தாவரவியல் தோட்டத்தை ஒட்டி, அடுத்தவர்கள் அனுப்பிய கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது. அவர் நன்றி காட்டிய விதம் செடிகளின் பெயர்களிலேயே இருக்கிறது: சேகரித்தவர்களான கவாகாமி, கோனிஷி, மோரி ஆகியோர் பெயரால் 'கவாகாமியை', 'கோனிஷியை', 'மோரியை' என்று லத்தீன் பெயர்கள். இந்த மோரி என்கிற உஷினோசுகே மோரி, மலைவாழ் மக்களின் மொழி தெரிந்து அவர்களோடு சுற்றியவர். 1926-இல் ஒரு கப்பல் பயணத்தில் காணாமல்போனார். அவருக்காவது ஒரு ஓக் மரம் இருக்கிறது. அவருக்கெல்லாம் வழிகாட்டி, மூட்டை சுமந்து, எந்த ஓடைக்கு மேல் எந்த மரம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டே, நான் ஏற்றிய ஆயிரக்கணக்கான லேபிள்களில் அப்படி ஒருவர் பெயர்கூட என் கண்ணில் படவில்லை. 'சேகரித்தவர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கட்டம் போடலாம், அதில் எதை நிரப்புவாய் என்று திருப்பிக் கேட்டார்கள்.

கோனிஷி 1904-இல் மாரிசன் மலையின் சரிவில் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு ஊசியிலை மரத்தின் கிளையை எடுத்தார். ஹயாட்டா அதைப் பார்த்து, இது ஏற்கெனவே தெரிந்த எந்தப் பேரினத்திலும் அடங்காது என்று சொல்லி, 1906-இல் லண்டனின் லின்னியன் சங்க இதழில் 'டைவானியா' என்று புதுப் பேரினத்தையே அறிவித்தார். அவர் பெயரை உலகுக்குச் சொன்ன செடி அதுதான். தைவானின் பழங்குடிகளான ருக்காய் மக்கள் அதை 'நிலவை இடிக்கும் மரம்' என்கிறார்கள். மிகையில்லை, தாஆன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அண்மையில் அளந்த ஒரு மரம் 84.1 மீட்டர். வேடிக்கை என்னவென்றால், தீவின் பெயரைத் தாங்கிய இந்த மரம் பிற்பாடு யுன்னானிலும் மியன்மாரிலும் வியட்நாமிலும் கிடைத்தது. பெயரை மாற்ற முடியாது. முதலில் வைத்தது வைத்ததுதான்.

அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடைப்புக்குறிகள். கவாகாமி பெயரில் உள்ள ஃபர் மரத்தை ஹயாட்டா 1908-இல் வேறொரு சிற்றினத்தின் ரகமாகத்தான், அதாவது அதற்குக் கீழான பிரிவாகத்தான், வைத்தார். மறு வருடமே இதோ என்பவர் அதைத் தனிச் சிற்றினமாக உயர்த்திவிட்டார். இப்போது எழுதுவது 'ஏபியஸ் கவாகாமியை (ஹயாட்டா) இதோ'. கோனிஷி பெயரில் உள்ள இன்னொரு மரத்துக்கு நடந்தது தலைகீழ்: ஹயாட்டா தனிச் சிற்றினம் என்றார், பின்னால் வந்தவர் சீனத்துக் கன்னிங்ஹாமியா என்ற ஊசியிலை மரத்தின் ரகம் என்று இறக்கிவிட்டார். அங்கேயும் அடைப்புக்குள் ஹயாட்டா. உயர்த்தினாலும் இறக்கினாலும் முதலில் சொன்னவனை வெளியே தள்ளுவதில்லை, வாசலில் உட்காரவைக்கிறார்கள். அவர் வெளியிட்ட பெயர்கள் சுமார் 1,600. அதில் கணிசமானவை இன்று இன்னொரு பெயருக்குள் அடங்கிப்போய்விட்டன. ஒரே மரத்தின் இளங்கிளையும் முதிர்கிளையும் தனித்தனி ஆள் கையில் தனித்தனிக் கட்டாக வந்தால், எதிர்க்கரையான சீனத்தின் செடிகளை அருகில் வைத்து ஒப்பிட வழியில்லை என்றால், யாராக இருந்தாலும் இரண்டு பெயர்தான் வைப்பார்கள். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களைக் கருத்தரங்குகளில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாழ்நாளில் பத்து ஷீட்டாவது எந்த உதவியும் இல்லாமல் இன்ன செடி என்று நிர்ணயம் செய்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நானும் அப்படிச் சிரித்தவன்தான், சீட்டு விஷயம் நடக்கும்வரை.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒரு பெண்மணி. தைவானில் அலுவலகத்தில் மூத்த பெண்களைக் குடும்பப் பெயரோடு 'ஜியே' சேர்த்துக் கூப்பிடுவார்கள். அக்கா என்று அர்த்தம். நான் வெறும் ஜியே என்றே கூப்பிட்டேன். அதற்கு அவர் சிரிப்பார், தடுக்கவில்லை. முப்பது வருடமாக அதே அலமாரிகளோடு இருந்தவர். பூச்சிக்காக ஷீட்டுகளை உறைபெட்டியில் வைத்து எடுப்பது, கிழிந்ததை அரிசிப் பசையும் மெல்லிய தாளும் கொண்டு ஒட்டுவது எல்லாம் அவரிடம் கற்றது.

லாரல் குடும்ப அலமாரி. மாக்கிலஸ் பேரினம். ஹயாட்டா ருய்ஃபாங் என்ற ஊரின் ஜப்பானிய உச்சரிப்பை வைத்து ஸுய்ஹோயென்சிஸ் என்று பெயர் கொடுத்த மரம். பட்டைத் தூளை அங்கே ஊதுபத்திக்குச் சேர்ப்பார்கள். நம் மலைகளில் இருக்கும் கோலமாவு மரத்தின் பங்காளி, அதன் பட்டைக்கும் இங்கே அதே வேலைதான். சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தேன். ஒரு ஷீட்டில், இது இன்ன செடி என்று பலர் பல காலத்தில் எழுதி ஒட்டிய மூன்று சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் இருந்தது பென்சிலில், பாதி அழிந்து, தப்பான பெயரோடு. அதன் விளிம்பு சுருண்டு இலை ஒன்றை நெம்பிக்கொண்டிருந்தது. தப்பான சீட்டு இலையைக் கெடுக்கிறதே என்று ஈரத் துணி வைத்து ஊறவிட்டு உரித்து, கூடையில் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைப்பு.

மாலையில் ஜியே அந்த ஷீட்டைப் பார்த்தார். பசை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். "இங்கே இருந்தது எங்கே?" என்றார். சொன்னேன். "தப்பான பெயர், ஜியே. அடுத்த இரண்டு பேர் திருத்தியிருக்கிறார்கள்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கூடையைத் தூக்கி என் மேஜைமேல் கவிழ்த்தார். தேநீர்ப் பைகளுக்கும் டேப் துண்டுகளுக்கும் நடுவே அரை மணி நேரம் துழாவி எடுத்தேன். இரண்டாகக் கிழிந்திருந்தது.

"இவர் ஏன் தப்பாகச் சொன்னார் என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள்," என்றார். "எந்த ஷீட்டை வைத்துக்கொண்டு இதைச் சொன்னார், எந்த வருடம் சொன்னார் என்று தேடுவார்கள். அப்போது நீ இருக்கமாட்டாய், நானும் இருக்கமாட்டேன். சீட்டு இருக்கவேண்டும்."

உதிர்ந்த பூ, விதை போடுவதற்காக ஷீட்டின் மூலையில் சின்ன மடிப்பு உறை ஒட்டுவோம். அப்படி ஒன்று செய்யச் சொன்னார். கிழிந்த இரண்டு துண்டையும் அதில் போட்டு, மேலே நடந்ததை எழுதச் சொன்னார். எழுதினேன்: பழைய நிர்ணயச் சீட்டு, இன்னாரால் தவறுதலாக உரிக்கப்பட்டது, தேதி, கையொப்பம். "முழுப் பெயர்," என்றார். எழுதினேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் ஹயாட்டாவின் பத்தாம் தொகுதியைத் திறந்தேன். செடிகளைத் தேடித்தான் திறந்தேன். நெடுநேரம் நின்றது அதிலிருந்த வகைப்பாட்டுக் கட்டுரைகளில். இருபது வருடம் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பெயர் வைத்த மனிதர், அந்த வேலையின் முடிவில், பெட்டிகள் நிலையானவை அல்ல என்கிறார். எந்தப் பண்பைக் கொண்டு பார்க்கிறோமோ அதற்கேற்ப ஒரு செடியின் இடம் மாறும். உறவுகள் ஒரே மரத்தின் கிளைகளாகப் பிரிவதில்லை, எல்லாத் திசையிலும் வலையாகப் பின்னியிருக்கின்றன. 'இயங்கு முறை' என்று அதற்குப் பெயரிட்டார். 1931-இல் ஜெர்மன் இதழிலும் எழுதினார். ஜப்பானின் தெந்தாய் என்ற பௌத்தப் பிரிவின் தாக்கம் பெற்றவர் என்பதால் அந்த எண்ணத்துக்குப் பின்னால் இந்திரனின் வலை இருக்கிறது என்பார்கள்: ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மணி, ஒவ்வொரு மணியிலும் மற்ற எல்லா மணிகளின் பிம்பமும். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்திரசாலம் என்ற சொல்லுக்கும் நேர்ப்பொருள் இந்திரனின் வலைதான். நாம் அதைக் கண்கட்டு வித்தைக்கு வைத்துக்கொண்டோம், அவர் வகைப்பாட்டுக்கு வைத்துக்கொண்டார்.

அவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுவிட்டார் என்று நான் சொல்லவரவில்லை. வம்சாவளி வரிசையை அவர் ஒதுக்கிய அளவுக்கு இன்று யாரும் ஒதுக்கமாட்டார்கள். டிஎன்ஏ வந்தபிறகு வகைப்பாடு அவர் சொன்ன திசைக்கு எதிராகத்தான் பெரும்பாலும் போனது. 1934-இல் அவர் இறந்தபோது அந்தக் கொள்கைக்குப் பெரிய பின்பற்றாளர் கூட்டமும் இல்லை. எனக்குப் பிடித்தது வேறு. அத்தனை சீட்டுகளில் தன் பெயரை எழுதியவர், தான் போட்ட இடங்களும் மாறும் என்று அச்சில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1924-இல் கட்டிய பழைய ஹெர்பேரியக் கட்டடம் அங்கே இன்னும் நிற்கிறது. ஹயாட்டாவின் நினைவுச் சிலையும் இருக்கிறது, பழையது தொலைந்துபோய் 2017-இல் புதிதாக வைத்தது. ஒரு பாட்டி அதன் நிழலில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அந்த மாக்கிலஸ் ஷீட் படமெடுக்கும் மேஜைக்கு வந்தது. உறையை மூடியபடி ஒரு படம், திறந்து ஒரு படம், அதுதான் விதி. அன்றைக்குக் கேமராவில் இருந்தவன் நான். விளக்கைச் சரிசெய்து, வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்து, என் கையெழுத்து தெளிவாக விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கையொப்பம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஜியே தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னொரு தடவை எடு" என்றார்.