தாயுமானவர் ஊரில் இரண்டு நாள்

வெள்ளிக்கிழமை இரவு கல்லூரியிலிருந்து நேராக எழும்பூர் போய் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினேன். விடிவதற்கு முன்பே திருச்சி ஜங்ஷன். பிளாட்பாரத்தில் தோழி காத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நாங்கள் ஒரே பெஞ்ச். கல்லூரிக்கு நான் சென்னை வந்தேன், அவள் திருச்சிக்குப் போனாள். போன வருடம் அவள் அம்மா தவறியபோது எனக்கு செமஸ்டர் தேர்வு. போனில் பேசியதோடு சரி, போக முடியவில்லை. அந்த உறுத்தல் இத்தனை மாதமும் கூடவே இருந்தது. கோயிலுக்குப் போவோம் என்று சொல்லித்தான் வந்தேன். அம்மா பேச்சை எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை பகலில் அவள் அறையிலேயே தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்ததும் மலைக்கோட்டைக்குக் கிளம்பினோம். அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினால் பாதி மலையில் தாயுமானவர். செவ்வந்திநாதர் என்பது பழைய பெயர். தாயுமானவர் ஆன கதை ஊரறிந்தது. ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவள் தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே வலியில் துடித்த பெண்ணுக்கு ஈசனே அவள் தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார்.

சந்நிதியில் நிற்கும்போது எனக்கு நெஞ்சு படபடத்தது. இவளை இந்தக் கதைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று இருந்தது. ஆனால் பேச்சை எடுத்தது அவள்தான்.

"பிரசவம் பாத்துட்டு உடனே போயிடல டி. வெள்ளம் வடியற வரைக்கும் கூடவே இருந்தாரு. நிஜ அம்மா வாசலுக்கு வந்தப்புறம்தான் மறைஞ்சாரு."

மாதத்தில் இரண்டு முறையாவது இங்கே வந்துவிடுவாளாம். அதை என்னிடம் அதுவரை சொன்னதே இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் மெதுவாக உச்சிப்பிள்ளையார் வரை ஏறினோம். மேலே நல்ல காற்று. காவிரிக்கு அப்பால், கொள்ளிடத்துக்கு இப்பால், நடுவில் பச்சையாகத் தீவு. ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம் தனியாகத் தெரிகிறது. அதற்குக் கிழக்கே கை நீட்டி, "நாளைக்கு அங்கே" என்றாள். திருவானைக்காவல்.

பஞ்சபூதத் தலங்களில் அது நீர்த்தலம். ஜம்புகேஸ்வரரை ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரம் வழியாகத்தான் முதலில் பார்க்கிறோம். உள்ளே போக வாசல் சிறியது, நன்றாகக் குனிய வேண்டும். அர்ச்சகர் தீபத்தைக் கீழே இறக்கிக் காட்டியபோது லிங்கத்தைச் சுற்றி நீர் பளபளத்தது. கொட்டியதல்ல, ஊறுவது. வெளியே அத்தனை வெயில், உள்ளே தரை குளிர்ந்து கிடந்தது.

யானை நுழைய முடியாத இந்தக் கோயிலைக் கட்டியவர் கோச்செங்கட்சோழர். போன பிறவியில் அவர் இங்கே ஈசனுக்குப் பந்தலாக வலை பின்னிய சிலந்தி. வலையைத் தூசி என்று நினைத்துக் கலைத்த யானையோடு பகைத்து மாண்டது. இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பிரகாரத்தில் நடக்கும்போது தோழி சொன்னது அடுத்த பகுதியை. ஒரு நாழிகை தாமதித்துப் பிறந்தால் குழந்தை மூவுலகும் ஆளும் என்று சோதிடர் சொல்ல, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொல்லிக் காத்திருந்தாள். சிவந்த கண்ணோடு பிறந்த பிள்ளையைப் பார்த்து, "என் கோச்செங்கண்ணானோ" என்று ஒரு முறை அழைத்தாள். அதோடு அவள் உயிர் பிரிந்தது. அவள் கூப்பிட்டதுதான் பெயராக நின்றது.

உச்சிக்கால பூஜைக்கு நேரமானதும் அகிலாண்டேஸ்வரி சந்நிதிப் பக்கம் நகர்ந்தோம். இங்கே சுவாமி குரு, அம்பாள் மாணவி. அதனாலேயே இந்தக் கோயிலில் திருக்கல்யாணம் கிடையாது. காவிரி நீரையே லிங்கமாகத் திரட்டி அவள் பூஜித்த தலம் என்பதால், நடுப்பகலில் இன்றும் அவளே வந்து பூஜை செய்வதாக ஐதீகம். மேளமும் நாதஸ்வரமும் ஒலிக்க, அர்ச்சகர் அம்பாளுக்குச் சாத்திய புடவையைக் கட்டி, தலையில் கிரீடம், கழுத்தில் ருத்ராட்சத்தோடு வந்தார். கொசுவம் காலில் தட்டாமல் இடது கையால் லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தார். என் பாட்டி அப்படித்தான் நடப்பார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரும் அவரை அர்ச்சகராகப் பார்க்கவில்லை, நானும்தான். பக்கத்தில் ஒரு அம்மா, "தாயே, தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுவாமிக்கு அபிஷேகம், பிறகு கோபூஜை. பசு அசைந்து நிற்க, மாலைப் பூ ஒன்று அதன் கொம்பிலிருந்து உதிர்ந்தது.

எல்லாம் முடிந்து பிரகாரத் திண்ணையில் உட்கார்ந்தோம். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"அம்மா புடவை ஒண்ணு என் பெட்டில அடியில இருக்கு. அப்பா குடுத்துவிட்டாரு. இன்னும் பிரிச்சே பாக்கல."

"நான் அன்னைக்கு வந்திருக்கணும் டி" என்றேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நானும் அழுதேன். இலையில் மடித்திருந்த குங்குமத்தில் கொஞ்சம் எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டாள்.

இரவு ரயில். வழியனுப்ப ஜங்ஷனுக்கு வந்தவள் சாம்பல் நிறத்தில் அரக்குக் கரை போட்ட பருத்திப் புடவை கட்டியிருந்தாள். ஒரு வருடம் பெட்டிக்குள் கிடந்த மடிப்புகள் மார்பிலும் முந்தானையிலும் கோடுகோடாக அப்படியே இருந்தன. படியில் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது, கொசுவத்தை இடது கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.