ஓரியின் மலையில் 82 விநாடி

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளி சோதனைச் சாவடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். சாவடியில் இருந்தவர் முதலில் சைக்கிளைப் பார்த்தார், கைப்பிடியில் மாட்டியிருந்த ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தார், அப்புறம்தான் என்னைப் பார்த்தார். “அது வழி காட்டுமாங்க?” என்றார். இருப்பதோ ஒரே வழி, அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள். “வழிக்கு இல்லைங்க, டைம் பார்க்க” என்றேன். தன் வாட்சைத் திருப்பிப் பார்த்து, “ஆறு பதினஞ்சு” என்று உதவி செய்தார்.

நான் பார்க்க வந்த டைம் வேறு. ஈரோட்டில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். பெயர் வேண்டாம், இதைப் படித்தால் இன்னும் ஒரு வாரம் சிரிப்பார். ஈரோட்டார் என்றே வைத்துக்கொள்வோம். போன நவம்பரில் இந்த மலையை 1 மணி 38 நிமிடம் 27 விநாடியில் ஏறி ஸ்ட்ராவா என்ற செயலியில் போட்டிருந்தார். என் பழைய கணக்கு 1 மணி 46. எங்களுக்குள் பந்தயம் என்று எதுவும் கிடையாது. அவர் போட்ட அன்று ஒரு குடோஸ், அதாவது அங்கத்திய ‘லைக்’, தட்டினேன், “சூப்பர்ணா” என்று எழுதினேன், மறுநாள் காலை நாலரைக்கு அலாரம் வைத்தேன். அவ்வளவுதான்.

ஸ்ட்ராவா தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. யாரோ ஒருவர் வரைபடத்தில் ஒரு சாலைத் துண்டைக் குறித்துவிட்டால் அது ‘செக்மென்ட்’. அதற்குப் பிறகு அந்த வழியில் போய்த் தன் பயணத்தைப் பதிவேற்றுகிற ஒவ்வொருவரின் நேரத்தையும் செயலி தானாகவே பிரித்தெடுத்து வரிசைப்படுத்திவிடும். முதலிடத்துக்குக் கிரீடம், பெயர் கேஓஎம், அதாவது மலையரசன். டூர் டி பிரான்ஸில் மலை ஏற்றத்தில் முந்துகிறவருக்குச் சிவப்புப் புள்ளி போட்ட சட்டை தருவார்களே, அந்தப் பட்டத்திலிருந்து எடுத்தது. ஹார்வர்டில் துடுப்புப் படகு ஓட்டிய இரண்டு பேர் சேர்ந்து 2009இல் ஆரம்பித்த செயலி இது. ஸ்வீடன் மொழியில் ‘முயன்று பாடுபடு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். பெயரில் பொய்யில்லை.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்ததற்கு வேறு காரணம். பக்கத்தில் ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் எனக்குக் கால் தடுமாறும். ஆள் இல்லாத ஆளோடு போட்டி போடுவது சௌகரியம்.

இரண்டு மாதம் ஏற்காட்டில் பயிற்சி. சேலத்துக்காரனுக்கு ஏற்காடு கொல்லைப்புறம் மாதிரி, 20 வளைவு, போய்விட்டு வந்து ஆபீஸ் போகலாம். கொல்லிமலைக்கு முந்தின நாள் மாலை நாமக்கல்லில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். நாலரைக்குக் கிளம்பும்போது சித்தி எழுந்து வந்து, “அந்த மலைக்கு பஸ் போகுதே சாமி” என்றார். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி முப்பது கிலோமீட்டருக்குள்தான். இருட்டில் கோழிப் பண்ணை வாசம் மட்டும் வழித்துணைக்கு வந்தது. முட்டை ஊரில் அதைக் குறை சொல்ல முடியாது.

சாவடி தாண்டியதும் திறந்த வானத்துக்குக் கீழே ஒரு நிமிடம் சும்மா நின்றேன். சாவடிக்காரர் வினோதமாகப் பார்த்தார். அந்தக் கருவியை ஆன் செய்தவுடன் புளியமரத்தடியில் கிளம்பினால், முதல் அரை கிலோமீட்டர் நாம் வயலுக்குள் சைக்கிள் ஓட்டியதாகக் கோடு போடும். நான்கு செயற்கைக்கோளாவது அதற்குத் தெரிய வேண்டும். இடம் கண்டுபிடிக்க மூன்று போதுமே என்று தோன்றும். கருவிக்குள் இருக்கிற மலிவான கடிகாரத்தின் பிழையைக் கழிக்க நான்காவது தேவை. ஒவ்வொரு கோளும் ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்’ என்று சொல்லி முடிக்கவே ஏறத்தாழ 30 விநாடி எடுக்கும், அத்தனை நிதானமான பேச்சு அது. அவசரப்பட்டுப் பெடலை மிதிப்பவன் அந்தப் பேச்சை பாதியில் வெட்டுகிறான்.

போட்டி என்று இறங்கிவிட்டால் இந்தப் பெட்டி எங்கெங்கே பொய் சொல்லும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி வளைவு அதற்கு ஆகாத இடம். சில விநாடிக்கு ஒருமுறை புள்ளி வைத்துப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் அமைப்பில், கோலத்தில் சுழி போட வேண்டிய இடத்தில் கட்டம் போட்டதுபோல வளைவின் வயிறு வெட்டுப்படும். 70 முறை வெட்டுப்பட்டால் தூரம் குறையும். அதனால் விநாடிக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, சக்கர அச்சில் சின்ன சென்சாரும் மாட்டியிருந்தேன். 25 மில்லிமீட்டர் டயருக்குச் சுற்றளவு 2105 மில்லிமீட்டர். எத்தனை சுற்று என்று எண்ணிப் பெருக்கினால் தூரம். மாட்டு வண்டிக் காலத்துக் கணக்கு, ஆனால் மலையில் வானத்தைவிட இது நம்பகம்.

உயரம் இன்னொரு கதை. கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால், பக்கவாட்டில் வரும் பிழையைவிட உயரத்தில் வரும் பிழை அதிகம். நல்ல கருவிகள் அதனால் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கின்றன. மலையடிவாரத்தில் 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 12 மில்லிபார் குறையும். அந்தச் சென்சாரின் துளை ஊசிமுனை அளவுதான். நெற்றி வியர்வை ஒரு சொட்டு அதில் விழுந்து அடைத்துக்கொண்டால் நின்ற இடத்திலேயே மலை ஏறுவோம். ஏற்காட்டில் ஒருமுறை அப்படித்தான், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி பல மீட்டர் ஏறினேன்.

இத்தனை தெரிந்தவன் எங்கே கோட்டை விட்டான் என்பதுதான் மீதிக் கதை.

ஈரோட்டாரின் பதிவை வரைபடத்தில் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, ஒவ்வொரு பத்தாவது வளைவுக்கும் அவர் வந்த நேரத்தைக் காகிதத்தில் எழுதி சைக்கிள் சட்டத்தின் மேல் செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தேன். சந்தா கட்டினால் இந்த ஒப்பீட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவித் திரை காட்டும். நான் கஞ்சன். வளைவுகளில் எண் போட்ட பலகை இருக்கும்போது காசு எதற்கு?

முதல் பத்து வளைவு சுலபம். சரிவு கடுமையில்லை, இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் 900 மீட்டர்போல ஏறுகிறோம், சராசரி நாலரை சதவீதம்கூட வராது. கொல்லிமலை காலை முறிக்காது, பொறுமையைத்தான் முறிக்கும். எண்ணிக்கொண்டே போகிறோம், 23 என்கிறது பலகை, இவ்வளவு நேரம் ஓட்டியும் 23தானா என்று வயிறு கலங்குகிறது. மேலே நிமிர்ந்தால் நாலு மாடி உயரத்தில் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது, இன்னும் சிறிது நேரத்தில் அது நம் எதிரே வரும். கீழே பார்த்தால் நாம் வந்த சாலையே நாலைந்து மடிப்பாக, துவைத்துப் போட்ட வேட்டிபோலக் கிடக்கிறது. 40ஆவது வளைவில் காகிதம் 55:10 என்றது, கருவி 55:40 என்றது. 30 விநாடி பின்னால். இதயத் துடிப்பு 172.

47ஆவது வளைவில் சாலை அடைத்திருந்தது. கீழிறங்கும் பஸ்ஸும் மேலேறும் லாரியும் வளைவின் நட்டநடுவில் மூக்கோடு மூக்கு. கண்டக்டர் இறங்கி விசிலடித்து “வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டேய்ன்” என்று பஸ்ஸைப் பின்னால் வாங்கிக்கொண்டிருந்தார். லாரிக் கிளீனர் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஓரச் சுவரில் காலை ஊன்றி நின்றேன். சுவரில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த குரங்கு என் சட்டையின் பின்பையை, அதாவது வாழைப்பழத்தை, உரிமையோடு நோட்டம் விட்டது. சைக்கிள் நின்றதும் திரையில் கடிகாரம் தானாக நின்றது. ஆட்டோ பாஸ். நல்லதாகப் போயிற்று, நம்மைக் கேட்டா பஸ் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அதைவிட ஒரு படி மேலே: அந்த அடைப்பு எனக்கு இனித்தது. துடிப்பு 172இலிருந்து 130க்கு இறங்குவதைத் திரையில் வேடிக்கை பார்த்தபடி தண்ணீர் குடித்தேன். பழத்தை நானே எடுத்துத் தின்றேன், குரங்குக்குக் காட்டிக்கொண்டே.

அப்புறம் பறந்தேன். 50இல் 12 விநாடி முன்னிலை, 60இல் 20. எழுபதாவது பலகை தாண்டிச் செக்மென்ட் முடிகிற இடத்தில் லாப் பொத்தானை அமுக்கியபோது 1:37:50. ஈரோட்டாரை 37 விநாடியில் முடித்துவிட்டேன். பனிக்குள் ஒரு சத்தம் போட்டேன், பலாமரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு நிமிர்ந்து பார்த்தது.

மேலே சோளக்காடு என்ற ஊரில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கும் அக்காவிடம் உட்கார்ந்தேன். பாறையில் ஒட்டி வளரும் கிழங்கு, ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும். சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். “முட்டி வலிக்கு நல்லது கண்ணு” என்றார், என் முட்டியைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மருத்துவம் எனக்குத் தெரியாது, மிளகுக் காரம் மூக்கைத் திறந்தது உண்மை. மேலே செல்போன் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். நீல வட்டம் சுற்றிச் சுற்றிப் பயணம் ஏறி முடிந்தபோது சூப் ஆறியிருந்தது.

ஸ்ட்ராவா சொன்ன நேரம் 1:39:12.

இரண்டு தடவை பார்த்தேன். 82 விநாடி வித்தியாசம். கொல்லிமலைப் பேருந்து அந்த வளைவில் பின்னால் போய் முன்னால் வந்த நேரம், ஒரு வாழைப்பழம் தின்னும் நேரம். என் கருவி நின்ற நேரத்தைக் கழித்துக் காட்டியது. செக்மென்ட் கணக்கோ உள்ளே நுழைந்த விநாடிக்கும் வெளியே வந்த விநாடிக்கும் இடையிலுள்ள மொத்த நேரம். நின்றாய், பஞ்சர் ஆனது, டீ குடித்தாய் என்ற சமாதானம் எதையும் கேட்காது. இது ஒன்றும் ரகசிய விதி இல்லை. 200 கிலோமீட்டர் ப்ரெவே, அதாவது கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணம், ஓட்டியவன் நான், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதில் சாப்பாடு, தூக்கம், ட்யூப் மாற்றுவது எல்லாம் அடக்கம் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தவன். மலையில் திரையைப் பார்த்ததும் அந்தப் பாடம் சௌகரியமாக மறந்துவிட்டது.

நியாயம் எது என்று கேட்டால் மொத்த நேரம்தான் நியாயம். நின்றதைக் கழித்தால் பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியவனுக்குக் கிரீடம் போகும். நான் 47க்குப் பிறகு பறந்ததே அந்த ஓய்வால்தான். கீழே துடித்துக்கொண்டிருந்த 172 அங்கே 130 ஆனது திரையிலேயே பதிவாகியிருக்கிறது. அடைப்பு இல்லாமல் ஒரே மூச்சில் ஏறியிருந்தால் 1:40 ஆகியிருக்கலாம், யார் கண்டது.

ஈரோட்டாருக்கு விஷயத்தைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “பஸ்ஸுக்கெல்லாம் தள்ளுபடி கிடையாது சாமி. என் டைம்ல செயின் கழண்டு மாட்டினது ரெண்டு நிமிஷம் இருக்கு, நான் சொன்னேனா?” அக்காவிடம் இன்னொரு சூப் கேட்டேன்.

செம்மேட்டுக்குப் போய் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் என்று பாட்டு உண்டு. சாட்சி, பார்த்துப் பாடிய புலவர் ஒருவர். கோப்பு எதுவும் பதிவேற்றவில்லை. இன்றைக்கு அந்தச் சாதனையை ஸ்ட்ராவாவில் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் யாராவது ‘ஃபிளாக்’ செய்து புகார் கொடுத்திருப்பார்கள். மோட்டார் பைக்கில் ஏறிவிட்டுச் சைக்கிள் என்று போடுகிறவர்களைப் பிடிக்க வைத்த வசதி அது. சிலர் வேண்டுமென்றே செய்வதில்லை, பதிவை நிறுத்த மறந்து சைக்கிளைக் காரில் ஏற்றிவிடுகிறார்கள், ஊரின் கிரீடமெல்லாம் அவர்களுக்குப் போய்விடும்.

இறங்கும்போது கருவியைப் பையில் போட்டுவிட்டேன். ஏற்றத்தில் என்ன பைத்தியம் பிடித்தாலும் நஷ்டம் மூச்சோடு போகும், இறக்கத்தில் அப்படியில்லை. 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி குன்றுகளில், பறிபோன முதலிடத்தை மீட்க இறக்கத்தில் பறந்த ஒருவர் காரில் மோதி இறந்துபோனார். குடும்பம் செயலி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது, 2013இல் தள்ளுபடியானது. ஆபத்தான துண்டு என்று பயனர்களே குறித்தால் அங்கே தரவரிசை காட்டுவதில்லை. என்னைக் கேட்டால் இறக்கத்துக்கே தரவரிசை வேண்டாம். எழுபது வளைவுக்கும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன், விரல் மடங்க மறுத்தது. 47ஆவது வளைவில் சாலை காலி. குரங்கு அதே சுவரில் இருந்தது.

காரவள்ளியில் காலையில் பார்த்தவரே சாவடியில் இருந்தார். “ஏற எவ்வளவு நேரமாச்சுங்க?” என்றார். ஒண்ணு முப்பத்தெட்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. “ஒண்ணு முப்பத்தொம்பது” என்றேன். “பரவாயில்லையே, பஸ்ஸே மேல போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்” என்றார். எந்த பஸ் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.