வாடகைக்கு விட்ட சொந்த வீட்டை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வெளிநாடு போகிறவர்களுக்கு

"நம்பிக்கையான ஆளா?" என்று கேட்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எதைத் தானே முடிவு செய்யலாம், எதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று எழுதி வைக்காவிட்டால் கடைசியில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

உங்கள் சார்பில் செயல்பட அவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றுக்குமான பொது பவர் கொடுக்கவே வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, வரியும் கட்டணங்களும் கட்டுவது, நோட்டீஸ் அனுப்புவது என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்பதையும் தனி வரியாகப் போடுங்கள். முடிவு தேதி கட்டாயம். வெளிநாட்டில் கையெழுத்திட்டால், இரு நாடுகளுக்கும் இடையே 1961 ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை நடைமுறையில் இருந்தால் நோட்டரியும் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் அடுத்த நாட்டில் ஏற்கப்படுவதற்காக அதிலுள்ள கையெழுத்தை அரசு உறுதி செய்யும் சான்று) பொதுவாகப் போதும். இல்லையென்றால் தூதரகச் சான்று தேவைப்படும். வீடு இருக்கும் நாட்டில் முத்திரைக் கட்டணம், பதிவு என்று ஏதாவது இருந்தால் அதையும் உடனே முடித்துவிடுங்கள். வழக்குப் போடப் போகும் நாளில் பத்திரம் செல்லாது என்று தெரிவதுதான் பெரிய கொடுமை.

வாடகை நேராக உங்கள் கணக்குக்கே வரட்டும். வாடகைதாரர் கொடுக்கும் அட்வான்ஸை செலவுப் பணத்தோடு கலக்க விடாதீர்கள். மராமத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். அரை மாத வாடகை அளவு நியாயமானது. அதற்கு மேல் போனால் இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கி, உங்கள் சம்மதத்துக்குப் பிறகே வேலை. இந்த வரம்பை "ஒரு பில்லுக்கு" என்று எழுதினால் ஒரே வேலை மூன்று பில்லாக வரும். "ஒரே வேலைக்கு" என்று எழுதுங்கள். குழாய் உடைப்பு, எரிவாயுக் கசிவு, மின்கோளாறு மூன்றுக்கும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று விலக்குக் கொடுங்கள். நீங்கள் தூங்கி எழுந்து பதில் அனுப்பும்வரை தண்ணீர் காத்திருக்காது.

பொறுப்பாளரின் கூலியைப் பேசும் விதத்தில்தான் பாதிக் கோளாறு பிறக்கிறது. சதவீதம் பேசினால், வர வேண்டிய வாடகையில் அல்ல, வந்து சேர்ந்த வாடகையில் பேசுங்கள். மராமத்துச் செலவில் கமிஷன் வைத்தால் தேவையில்லாத வேலைகள் முளைக்கும். புது வாடகைதாரரைப் பிடித்தால் கூலி ஒரு மாத வாடகை, பழையவரைத் தொடர வைத்தால் ஒன்றுமில்லை என்றிருந்தால் வீடு அடிக்கடி காலியாகும். ஆறு மாதத்துக்குள் வாடகைதாரர் போய்விட்டால் அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள்.

வரியை மறக்கக் கூடாது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், வாடகையில் ஒரு பங்கைப் பிடித்து அரசுக்குக் கட்டும் கடமை பல நாடுகளில் வாடகைதாரர்மீதோ ஏஜெண்டுமீதோ விழுகிறது. கனடாவில் பொதுவாக மொத்த வாடகையில் 25 சதவீதம். இது தெரியாத ஆளை வைத்தால், பிடிக்காத வரி பிறகு அவர் தலையிலும் உங்கள் தலையிலும் விடியும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வாடகைதாரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தனித்தனிப் படங்களை விட, வாசலிலிருந்து நிறுத்தாமல் எடுத்த ஒரே வீடியோ நல்லது. தனிப் படங்கள் என்றால் காட்ட விரும்பாத மூலையை அவர் எளிதாக விட்டுவிட முடியும். சிங்குக்கு அடியில், குளியலறைச் சுவரின் மறுபக்கம், கூரை மூலைகள், மீட்டர் எண் இவையெல்லாம் வீடியோவில் வர வேண்டும். வீடு காலியாக இருக்கும்போது இன்னும் அடிக்கடி போகட்டும். பல காப்பீட்டு பாலிசிகள் 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்கு முழு இழப்பீடு தருவதில்லை.

பொறுப்பாளரை மாற்றும் நாள் வந்தால் பவரை ரத்து செய்யும் கடிதம் அவருக்கு மட்டும் போனால் போதாது. வாடகைதாரர், வங்கி, பத்திரம் பதிவான அலுவலகம் எல்லோருக்கும் அதே நாளில் எழுத்தில் போக வேண்டும். தகவல் தெரியாமல் பழைய ஆளிடம் வாடகைதாரர் பணம் கொடுத்திருந்தால், அதை மறுபடி அவரிடம் கேட்பது கடினம்.