புள்ளி போட்ட காடிலாக்

சிகாகோ, 2019

ஜனவரி 3

ப்ளூஸ் கிடார் கலைஞர் பட்டி கய்யின் கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. தபால் பெட்டியில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 5

அக்கா வீடியோவில் அம்மாவைக் காட்டினாள். வாய் இன்னும் இடப்பக்கம் கோணித்தான் இருக்கிறது. வலது கை போர்வைமேல் கிடந்தது. யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த சாமான் மாதிரி. பேச்சு குழறுகிறது. ஆனாலும் “எப்பம்யா வருத?” என்று கேட்டது புரிந்தது.

அடுத்த மாசம்மா, டிக்கெட் போட்டாச்சு என்றேன்.

போடவில்லை. இந்த நாட்டுக்குள் திரும்ப விடும் காகிதம் தபாலில் வராமல் கிளம்பினால் திரும்பி வர வழியில்லை.

ஜனவரி 6

தூக்கம் இல்லை. பட்டி கய்யையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவர்தான்.

லூசியானாவில் லெட்ஸ்வொர்த். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பம். சின்ன வயதிலேயே பருத்தி எடுக்கப் போயிருக்கிறார். கிடார் வாங்க வழியில்லாமல் ஜன்னல் கொசுவலையிலிருந்து கம்பியை உருவி, இழுத்துக் கட்டி வாசித்திருக்கிறார். வீட்டுக்குள் கொசு எப்படி வருகிறது என்று அந்த அம்மா எத்தனை நாள் தேடினாரோ. அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பையன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். 21 வயதில் சிகாகோவுக்குக் கிளம்பும்போது அந்த அம்மாவிடம் சொன்னது: நிறைய சம்பாதித்து, புள்ளி போட்ட காடிலாக் காரில் திரும்பி வருவேன்.

அப்படி வரப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். படுத்திருப்பவர் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்று சொன்ன பொய். 1968இல் அந்த அம்மா இறந்துபோனார். மகன் மேடையில் வாசித்து ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால்தான் கறுப்பு கிடாரில் வெள்ளைப் புள்ளி, சட்டையில் புள்ளி. ரசிகர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது.

ஜனவரி 9

தபால் இல்லை.

ஜனவரி 11

வேலை முடிந்து தெற்கே 47ஆவது தெரு வரைக்கும் போய் வந்தேன். ஒரு காரணமும் இல்லை. 708 கிளப் அங்கேதான் இருந்தது.

பட்டி கய் ரயிலில் வந்து இறங்கிய நாள் 1957 செப்டம்பர் 25. அதைத் தன் இரண்டாவது பிறந்தநாள் என்றே சொல்வார். சில மாதத்தில் கையில் காசு தீர்ந்து, சாப்பாடும் இல்லாமல், ஊருக்கே போய்விடலாம் என்ற நிலைமை. அந்தச் சமயத்தில் ஒருநாள் 708 கிளப்பில் வாசிக்க இடம் கிடைத்தது. செய்தி போய், அப்போதே பெரிய ப்ளூஸ் பாடகரான மடி வாட்டர்ஸே காரில் வந்துவிட்டார். பசி என்று தெரிந்ததும் காரில் உட்காரவைத்து சலாமி வைத்த ரொட்டியைச் சாப்பிடச் சொன்னார்.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பியிருந்தால் அம்மாவோடு பத்து வருஷம் இருந்திருப்பார். நமக்கு இந்த இசை இருந்திருக்காது. எது சரி? பனியில் நின்று இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். காது மரத்துப்போனது.

ஜனவரி 15

பொங்கல். நேற்றுச் சாயங்காலமே, அங்கே விடிந்த நேரத்துக்கு, அக்கா போன் பண்ணினாள். வாசலில் பதினைந்து புள்ளி வைத்துக் கோலம் போட்டிருந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் காட்டுகிறாள். ஒரு வரிசையில் புள்ளி விலகியிருக்கிறதாம். அக்கா அழித்துவிட்டு மறுபடி வைத்தாள்.

எத்தனை மார்கழி, எத்தனை புள்ளி வைத்த கை அது.

ஜனவரி 18

இன்று யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் “ஊரில் எல்லாரும் நலமா” என்று கேட்டார். நலம் என்றேன்.

சாயங்காலம் பட்டி கய்யின் பழைய பதிவுகளைக் கேட்டேன். 1960 முதல் 67 வரை செஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் இருந்திருக்கிறார். அடுத்தவர் பாட்டுக்கு அடக்கமாக வாசிக்கச் சொன்னார்கள். இரவில் கிளப்பில் வாசிப்பதுபோலக் கம்பியை இழுத்து, ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டால், அது இரைச்சல் என்பார் முதலாளி லெனார்ட் செஸ். பகலில் பழுதான கார்களை இழுக்கும் வண்டி ஓட்டிப் பிழைப்பு. அந்த இரைச்சலைத்தான் இங்கிலாந்துப் பையன்கள் கேட்டுப் படித்தார்கள். கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நேரில் வந்து டேப்பில் பிடித்துக்கொண்டு போனார். அவர்களுக்குப் பேரும் பணமும் வந்த பிறகும் இவருக்கு வரவில்லை. எண்பதுகளில் அமெரிக்காவில் ஒழுங்கான ஒப்பந்தம்கூடக் கிடையாது. 1991இல்தான் ‘டாம் ரைட், ஐவ் காட் த ப்ளூஸ்’ ஆல்பம்; அதற்குத்தான் முதல் கிராமி விருது. அப்போது அவருக்கு 55 வயது.

அவருடைய அம்மா போய் 23 வருஷம் ஆகியிருந்தது.

எல்லாரும் இதைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொடுத்திருக்கலாம் இல்லையா?

ஜனவரி 22

அக்கா போனை எடுக்கவில்லை. மூன்று தடவை.

ஜனவரி 23

ஒன்றுமில்லையாம். சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அவளைத் திட்டிவிட்டேன். அவள் அழுதாள். அங்கே இருந்து எல்லாம் பார்க்கிறவள் அவள். திட்டியிருக்கக் கூடாது.

ஜனவரி 25

ஹாரிசன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். வாபாஷ் தெரு 700ஆம் எண், லெஜன்ட்ஸ். பட்டி கய்யின் சொந்தக் கிளப். 1989இல் பக்கத்திலேயே வேறொரு கட்டிடத்தில் தொடங்கியது. ஜனவரி என்றால் அவர் வெளியூர் போகமாட்டார், இங்கேயே வாசிப்பார்.

82 வயது. புள்ளிச் சட்டை. முதல் சுரத்திலேயே சுவரில் மாட்டியிருந்த கிடார்கள் அதிர்ந்த மாதிரி இருந்தது. சட்டென்று சத்தத்தை அப்படியே இறக்கினார். பார் பக்கம் யாரோ கிளாஸில் ஐஸ் போட்டதுகூடக் கேட்டது. அவ்வளவு மெல்ல ஒருவர் வாசிக்கும்போது மூச்சு விடவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் வழக்கம்போல வாசித்துக்கொண்டே கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். என் பக்கம் வந்து நின்றார். ஒரு கை தூரம். இடது கையை மட்டும்தான் பார்த்தேன். நரம்பு புடைத்த, சுருங்கின தோல். மோதிர விரலால் கம்பியை மேலே தள்ளி, விழாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். விரல் நுனியில் தோல் வெளுத்துப்போயிருந்தது. சுரம் அழுகிற மாதிரி உயர்ந்து, அங்கேயே நின்று நடுங்கியது. கிடாரின் விளிம்பில் ஒரு புள்ளி, பெயின்ட் தேய்ந்து பாதிதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து குளிரில் நின்றபடியே போன் பண்ணினேன். அங்கே பகல் பதினொன்றரை. அம்மா தூங்குகிறாள் என்றாள் அக்கா. எழுப்ப வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் போனை அம்மா பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தமும் ஃபேன் சத்தமும் கேட்டது.

ஜனவரி 28

பனி. தபால் இல்லை.

ஜனவரி 30

மைனஸ் 31 டிகிரி. ரயில் ஓட வேண்டும் என்று தண்டவாளத்தை ஒட்டித் தீ எரியவிடுகிறார்கள். ஜன்னலுக்கு உள்பக்கமே உறைந்துவிட்டது. இன்று தபால் பட்டுவாடாவே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். காலையில் அதைக் கேட்டதும், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. இன்று ஒருநாள் பெட்டியைப் போய்த் திறந்து பார்க்க வேண்டாம்.

ஜனவரி 31

அம்மாவே பேசினாள். முன்னைவிடத் தெளிவு. “பெட்டில என்னல்லாம் எடுத்து வச்சிருக்க?”

உனக்கு ஒரு ஸ்வெட்டர் என்றேன். நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டரா என்று சிரித்தாள். பாதி வாயால்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டினேன். மூன்று சட்டை மடித்து வைத்திருக்கிறேன். நாளைக்குத் தபால் உண்டாம்.