நான்கு சொல்லுக்கும் 'அமைதி' என்று எழுதிவைத்தால்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தப்பு விடை ஒன்றுக்கு அரை மதிப்பெண் போகும். பலருடைய நோட்டில் சைலண்ட், கொயட், ஸ்டில், காம் நான்குக்கும் நேரே 'அமைதி' என்றே இருக்கும். சறுக்குவது அங்கேதான்.

சொல்லைப் போடும் முன், அந்த இடத்தில் எது இல்லை, சத்தமா, அசைவா, கொந்தளிப்பா என்று கேளுங்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலையின் இறக்கை அசையாமல் நின்றால் ஸ்டில். சுற்றுகிறது, ஆனால் தூரத்தில் லேசான இரைச்சல்தான் என்றால் கொயட். துளிச் சத்தமும் இல்லையென்றால்தான் சைலண்ட். முட்டத்தில் அலையடங்கிக் கிடக்கும் கடல் காம். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோபம் தணிந்த ஆளுக்கும் அதே சொல்தான்.

கொயட்டில் கூடுதல் குறைவு உண்டு. 'வெரி கொயட்', 'கொயட்டர்' எல்லாம் சரளமாக வரும். சைலண்ட் பூஜ்யம் மாதிரி. அதோடு 'ஆல்மோஸ்ட்', 'கம்ப்ளீட்லி' பொருந்தும், 'வெரி' அவ்வளவாக ஒட்டாது. தாழ்ந்த குரலுக்குக் 'கொயட் வாய்ஸ்'. விசாரணையில் வாய் திறக்காமல் இருப்பதற்கு 'ரிமெயின் சைலண்ட்'. விவேகானந்தர் பாறையின் தியான மண்டபத்தில் எல்லோரும் காப்பது 'சைலன்ஸ்'; பெயர்ச்சொல் என்பதால் அதற்கு முன்னால் 'மெயின்டெயின்' அல்லது 'அப்சர்வ்' போடுங்கள். 'கீப்' போட்டால் பின்னால் 'கொயட்' வரட்டும்.

அதிகம் குழப்புகிற ஜோடி டாசிட்டர்னும் ரெட்டிசென்டும். இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. கல்யாண வீட்டிலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத சித்தப்பா டாசிட்டர்ன், அது சுபாவம். ஊர்க்கதை முழுக்க அளந்துவிட்டு, சம்பளத்தைக் கேட்டதும் நழுவுகிற மாமா ரெட்டிசென்ட். அது அந்த விஷயத்தில் மட்டும். அதனால்தான் ரெட்டிசென்டுக்குப் பின்னால் பெரும்பாலும் 'அபௌட்' வரும். கேள்வியில் 'ஹேபிச்சுவலி' இருந்தால் யோசிக்காமல் டாசிட்டர்னைத் தொடுங்கள்.

'மௌனம் சம்மதம்' என்கிறோமே, அந்த மௌனத்துக்கு டாசிட். ஆளைச் சொல்லாது, பேசாமலே புரிந்துகொண்ட சம்மதத்தை, ஒப்பந்தத்தைச் சொல்லும். 'டம்' என்ற சொல்லை வாய் பேச முடியாதவரைக் குறிக்க எழுதாதீர்கள், இன்று அது வசவு.

எழுத்துப்பிழைக் கேள்வியில் கொயட்டையும் குவைட்டையும் மாற்றிப்போட்டுக் கொடுப்பார்கள். அமைதிக்கு உள்ள சொல் இரண்டு அசை, குவை-எட். அந்த 'எ' காதில் விழுவதால் ஆங்கில 'இ' (e) எழுத்து 'டி'க்கு (t) முன்னால் வரும். 'ஓரளவு' என்ற பொருளில் வரும் குவைட் ஒரே அசை, 'இ' கடைசியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.